குமரகுருபரரும் அவர் காலமும்

ஏரல் ஆற்றங்கரையில் நின்று மேற்கே நோக்கினால் சில மைல் தூரத்தில் ஸ்ரீவைகுண்டம் இருக்கின்றது. கிழக்கே பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கையும், அதற்கப்பால் பழையகாயலும் புன்னைக்காயலும் உள்ளன. ஆற்றைக் கடந்து தெற்கே சென்றால் திருச்செந்தூர். தமிழ்நாட்டு அரசியலிலும் சமயத்திலும் நானூறு ஆண்டுகளில் நேர்ந்த மாறுதல்களெல்லாம் இச்சிறிய வட்டத்தினுள்ளே தம் சுவடுகளை விட்டுச் சென்றிருக்கின்றன. பாண்டியர் வீழ்ச்சி, நாயக்கர் ஆட்சி, பறங்கியர் வரவு, பரதவர் மதமாற்றம், ஒல்லாந்தர் படையெடுப்பு ஆகிய யாவற்றையும் இவ்வாற்றங்கரை கண்டது. இவற்றின் நடுவே, பதினேழாம் நூற்றாண்டில், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த ஒருவர் மதுரை அரசவையில் பாடி, தருமபுரத்தில் துறவு பூண்டு, கங்கைக்கரையிலே ஒரு தமிழ் மடத்தை நாட்டினார். அவரே குமரகுருபர அடிகள்.

அடிகளின் நூல்களைப் புலவர்கள் போற்றுகின்றனர். அற்புதங்களைப் பக்தர்கள் போற்றுகின்றனர். இவ்விரண்டும் தக்கனவே. எனினும் பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அவர் சரிதத்தினின்று அறியவேண்டியது வேறொன்றுண்டு. அரசுகள் நிலைகுலைந்து, பழைய ஆதரவுகள் அற்று, புதிய அதிகாரங்கள் தலையெடுக்கும் காலத்தில் ஒரு சமூகம் தன் கல்வியையும் சமயத்தையும் எவ்வாறு காத்துக்கொள்கின்றது என்பதே அது. அந்த நோக்குடன் இச்சரிதத்தை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் அவர் பிறந்த காலத்தின் நிலையைச் சிறிது காண்போம். 1311-இல் மாலிக் காபூர் மதுரைமீது பாய்ந்ததுடன் பாண்டியப் பேரரசின் வலி ஒடுங்கிற்று. பின்னர் மதுரையில் சில பத்தாண்டுகள் சுல்தான்கள் ஆண்டனர். 1371-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஜயநகரத்துக் குமார கம்பணர் அவர்களை வென்றார். பாண்டிய மரபினர் தெற்கே ஒதுங்கித் தென்காசியைத் தலைநகராக்கிக் கொண்டனர். அங்கே பராக்கிரம பாண்டியன் 1446-இல் விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினான். அவன் வழிவந்த அதிவீரராம பாண்டியன் காசிகாண்டத்தைத் தமிழில் பாடினான். வடகாசிக்குச் செல்லும் வழி நெடிதாகவும் இடர் மிக்கதாகவும் இருந்த நாளில் தென்னாட்டார் காசியைத் தம்மிடமே வருவித்துக் கொண்டனர். இத்தகைய நாட்டில் பிறந்த ஒருவர் பின்னாளில் காசிக்கே சென்று தங்கினார் என்பது வியப்பன்று.

பதினாறாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சி வேரூன்றிற்று. விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பகுத்தனர் என்பது மரபு. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின் மதுரை நாயக்கர் பெயரளவில் மட்டுமே பேரரசுக்கு அடங்கியவராயினர். நிலவரியும் படையும் பாளையக்காரர் கையிலும் நாயக்கர் கையிலும் குவிந்தன. பழைய ஊர்ச் சபைகளின் குரல் தேய்ந்தது. கோயிலுக்கு மானியம் விடுவோரும் கோயிலின் கணக்கைக் கேட்போரும் மாறினர்.

கடற்கரையில் நிகழ்ந்த மாறுதல் இதனினும் பெரிது. முத்துக் குளிக்கும் துறைகளின் உரிமை குறித்துப் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் நேர்ந்த பகையில், 1530-களில் பரதவர் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடினர், ஞானஸ்நானமும் பெற்றனர். 1542-இல் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருக்குப்பின் அண்ட்ரிக் அடிகளார் புன்னைக்காயலில் நெடுங்காலம் தங்கித் தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணம் வகுத்து, 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சிடுவித்தார். அச்சு வாகனம் ஏறிய முதல் இந்திய மொழி தமிழாயிற்று. பரதவர் மதம் மாறியதை இகழ்வோர் உளர். நாம் இகழோம். தம் மன்னரும் தம் கோயிலும் காவாத மக்கள் தம்மைக் காப்பாரை நாடிச் சென்றனர். குற்றம் சென்றவரிடத்து மட்டும் இருந்ததாகக் கொள்ள நியாயமில்லை.

இவ்வாறான காலத்தில் ஸ்ரீவைகுண்டத்தில், சைவ வேளாளர் குலத்துச் சண்முக சிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மைக்கும் குமரகுருபரர் தோன்றினார். ஐந்து வயது வரை பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று முருகன் சந்நிதியில் விரதமிருந்தனர் என்றும், அங்கே அவர் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்றும் வரலாறு கூறும். அற்புதத்தை நிறுவவும் மறுக்கவும் நாம் முற்படவில்லை. ஆனால் அந்நூலை ஊன்றிப் படிப்போர் அதில் சைவ சித்தாந்தத்தின் நுட்பங்கள் ஒழுங்குபட அமைந்திருப்பதைக் காண்பர். பேசாத பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தது. தந்தை கவிராயராகையால் வீட்டில் தமிழுக்குக் குறைவில்லை. தெய்வத்தின் அருளும் பெற்றோரின் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டுவதில்லை.

பேச்சுத் தந்த திருச்செந்தூர்க் கோயிலுக்கு அவர் காலத்திலேயே பெருந்துன்பம் விளைந்தது. முத்துத்துறைகளையும் துணி வாணிகத்தையும் கைப்பற்றுவதில் போர்ச்சுகீசியருக்கும் ஒல்லாந்தருக்கும் போட்டி மூண்டது. நாயக்கர் அரசும் அதனுட் சிக்கியது. 1648-இல் ஒல்லாந்தர் கப்பற்படையுடன் வந்து செந்திற்கோயிலைப் பிடித்துக் கோட்டையாக்கிக் கொண்டனர். உள்ளூரார் அவர்களைப் பெயர்க்க முயன்று இயலாது போயினர். விட்டு நீங்கியபோது ஒல்லாந்தர் மூர்த்தியையும் எடுத்துச் சென்றனர். நெல்லைச் சீமையில் நாயக்கரின் அதிகாரியாயிருந்த வடமலையப்ப பிள்ளை அதனை மீட்டு 1653-இல் மீண்டும் எழுந்தருளச் செய்தார். புயலுக்கு அஞ்சி ஒல்லாந்தர் கடலில் எறிந்த மூர்த்தியை, எலுமிச்சம்பழம் மிதந்து, கருடன் வட்டமிட்ட இடத்தில் அவர் கண்டெடுத்தார் என்பது தல வரலாறு. பணம் கொடுத்து மீட்கப்பட்டதென்போரும் உளர். எவ்வாறாயினும், கடலின் ஆதிக்கம் எவன் கையில் உள்ளதோ அவனே கரையிலுள்ள கோயிலுக்கும் எமனாகலாம் என்பதைத் தென்னாடு அன்று கற்றது. பத்தாண்டு கழியுமுன், 1658-இல், தூத்துக்குடியும் ஒல்லாந்தர் வசமாயிற்று.

வளர்ந்து புலமை நிரம்பிய குமரகுருபரர் மதுரைக்கு வந்தார். அப்போது ஆண்டவர் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை அவர் ஆட்சி. மன்னர் வீட்டுமொழி தெலுங்கு. எனினும் மதுரையை ஆள்வோன் மீனாட்சிக்கு அடியவனாக நின்றாலன்றி மக்கள் உள்ளத்தில் இடம் பெறான் என்பதை அவர் நன்கறிந்தவர். மாசியில் நடந்த திருக்கலியாண விழாவைச் சித்திரைக்கு மாற்றி, பெருந்திரளான மக்கள் கூடும் பெருவிழாவாக்கியவர் அவரே என்பர். அம்மன்னர் முன்னிலையில் அடிகள் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். தேவியே சிறுமியாக வந்து மன்னர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் அணிந்து மறைந்தாள் என்பது கர்ண பரம்பரை. அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு மற்றொன்றும் நினைவுக்கு வருகின்றது. மதுரையில் விளங்கிய முத்து, அடிகள் பிறந்த சீமையின் கடலில், மூச்சடக்கி மூழ்கிய பரதவர் எடுத்தது. அவர்களோ அப்போது மாதாவை வணங்கிக்கொண்டிருந்தனர்.

மன்னர் வேண்டுகோளுக்கிணங்கி அடிகள் நீதிநெறி விளக்கத்தையும் இயற்றினார். இளமையும் செல்வமும் நில்லாமை, கல்வியின் சிறப்பு, அரசர் ஒழுகவேண்டிய முறை, அமைச்சரின் கடமை, போலித் துறவியரின் இழிவு ஆகியவற்றை அது எடுத்தோதுகின்றது. அரசனிடம் பரிசு பெறுவோர் அரசனுக்கு நீதி கூறுதல் எளிதன்று. அடிகள் கூறினார். அதே மதுரையில் 1606 முதல் தத்துவபோதக சுவாமி என்று பெயர் பூண்ட ராபர்ட் தெ நோபிலி பாதிரியார் காவியுடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, தம் சமயத்தைப் போதித்து வந்தார். ஒரே நகரில், ஒரே தலைமுறையில், சைவப் புலவரும் ரோமாபுரிப் பாதிரியாரும் தமிழின் வாயிலாகவே மக்களை அணுகினர். சமயங்கள் பலவாக, அவை வழக்காடும் மன்றம் தமிழ்மொழியாயிற்று. இதனினும் பெரிய மாறுதல் அந்நூற்றாண்டில் இல்லையென்பது நமது துணிபு.

அரசவைப் புகழ் அடிகளைக் கட்டிவைக்கவில்லை. எவர் முன்னிலையில் உன் வாக்குத் தடைப்படுமோ அவரே உனக்குக் குரு என்னும் தெய்வ ஆணை அவருக்கு இருந்ததாகக் கூறுவர். அவர் தருமபுரம் சென்று, நான்காம் பட்டத்தில் வீற்றிருந்த மாசிலாமணி தேசிகரைக் கண்டார். தேசிகர் பெரியபுராணச் செய்யுள் ஒன்றின் அனுபவப் பொருளை வினவினார். சொற்பொருள் அறிந்த புலவர் அனுபவப் பொருள் அறியாது வாயடைத்து நின்றார். நின்றவர் அவரையே குருவாக அடைந்தார். பண்டார மும்மணிக்கோவை அக்குருவின்மீது பாடப்பட்டதே.

இங்கே ஆதீனங்களைப்பற்றிச் சில சொல்ல வேண்டும். திருவாவடுதுறையும் தருமபுரமும் பதினாறாம் நூற்றாண்டில் வலுப்பெற்றவை. சோழரும் பாண்டியரும் இருந்த நாளில் கோயிலைக் காக்க அரசர் இருந்தனர். அரசர் மறைந்தபின் அப்பொறுப்பை ஏற்க நிலையானதொரு ஸ்தாபனம் வேண்டியிருந்தது. அரசனுக்கு மகன் பிறவாமற் போகலாம், மகன் மூடனாகலாம், போரில் மடியலாம். மடத்திலோ குரு தம் சீடருள் தக்காரைத் தேர்ந்து பட்டம் சூட்டுகிறார். நிலம் மடத்தின் பெயரில் நிற்கின்றது. ஏடு மடத்து அறையில் இருக்கின்றது. கற்பிப்பார் மாறினும் கற்பித்தல் மாறவில்லை. பிராமணரல்லாத துறவியர் தலைமையில், தமிழ்ச் சாத்திரங்களை முதலாகக் கொண்டு இவை நடந்தமையும் கருதத்தக்கது. அரசு செய்துவந்த வேலையின் ஒரு பகுதியை மக்கள் தாமே அமைத்த ஸ்தாபனங்கள் ஏற்றுக்கொண்டன.

துறவு பெறுமுன் காசி யாத்திரை செய்து வருதல் அம்மடத்து வழக்கம். நெடுநாட் பிரிவைச் சீடர் பொறாராகவே, சிதம்பரத்தில் தங்கினால் போதுமென்று குரு பணித்தார். செல்லும் வழியில் வைத்தீசுவரன் கோயிலில் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும், சிதம்பரத்தில் மும்மணிக்கோவையும், யாப்பு வகைகளுக்கு இலக்கியமாகும் செய்யுட்கோவையும் பிறந்தன. துறவு பெற்றபின் உண்மையாகவே காசிக்குப் புறப்பட்டார். ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட வழி. நாயக்கர் நாடுகளையும் சுல்தான்களின் நாடுகளையும் முகலாயர் மாகாணங்களையும் கடந்து செல்ல வேண்டும்.

காசியை அடைந்தபோது, தமிழில் நிகரற்ற நாவலர் மீண்டும் ஊமையானார். அங்கு வழங்கிய மொழி இந்துஸ்தானி. அதிகாரம் முகலாய பாதுஷாவினுடையது. அடிகள் கலைமகளை வேண்டிப் பத்துச் செய்யுட்கள் கொண்ட சகலகலாவல்லி மாலையைப் பாடி அம்மொழியறிவைப் பெற்றார் என்பது வரலாறு. பாதுஷா முதல் நாள் ஆசனம் அளிக்காது இருக்க, மறுநாள் அடிகள் சிங்கத்தின்மீதேறி வந்தார் என்றும், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையிலேந்தித் தம் சமயத்தின் மெய்ம்மையை நிறுவினார் என்றும் கூறுவர். சிங்கம் வந்ததோ இல்லையோ, மொழி கற்றமையில் நமக்கு ஐயமில்லை. ஆள்வோனிடம் மன்றாடச் செல்கிறவன் அவன் மொழியில் வழக்குரைத்தல் வேண்டும். ஆனால் அடிமையாகச் சென்று தரையில் அமர்தல் கூடாது. கதையின் கருத்து இதுவே என்று நாம் கொள்கிறோம்.

வழக்கறிஞர் தொழிலில் பழகிய நமக்குச் சான்றுகளைத் தரம் பிரித்துக் காணும் வழக்கம் உண்டு. காசியில் அடிகள் கம்பராமாயணம் பிரசங்கிக்கக் கேட்டுத் துளசிதாசர் தம் நூலை அமைத்தார் என்றொரு செய்தி வழங்குகின்றது. துளசிதாசர் மறைந்தது 1623-இல். திருமலை நாயக்கர் பட்டமேறியதும் அவ்வாண்டே. நாயக்கர் அவையில் பாடியபின் காசி சென்றவர் துளசிதாசருக்குக் கதை சொல்லியிருத்தல் இயலாது. தமிழின் பெருமைக்கு இத்தகைய கூற்று தேவையில்லை. இதனை விட்டொழிப்பதே நலம்.

பாதுஷாவின் ஆதரவு பெற்றார் என்னும் செய்தியோ நம்பத்தகாததன்று. ஷாஜஹானின் மூத்த குமாரர் தாரா ஷுகோ காசிப் பண்டிதரைக் கூட்டி 1657-இல் உபநிஷதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்தவர். அடிகளை ஆதரித்தவர் அவரே என்பது பலர் கருத்து. மேலும், காசியிலுள்ள வீரசைவரின் ஜங்கமவாடி மடத்தில் முகலாய பாதுஷாக்கள் அளித்த நிலமானியச் சாசனங்கள் இருக்கின்றன. தென்னாட்டுச் சைவ மடம் முகலாயரிடம் நிலம் பெறுவது நடவாத காரியமன்று என்பதற்கு அதுவே சான்று.

ஆயினும் அதே அரசின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. ஷாஜஹான் ஆட்சியில், 1633-இல், காசிச் சீமையில் புதிதாக எழுந்த எழுபத்தாறு கோயில்கள் இடிக்கப்பட்டன என்று அவ்வரசின் சரித்திர நூலே குறிக்கின்றது. 1659-இல் தாரா ஷுகோ தம்பியின் ஆணையால் கொலையுண்டார். அவ்வாண்டே ஔரங்கசீப், பழைய கோயில்களுக்கு இடையூறு செய்யலாகாது, புதியன எழுப்பலாகாது என்று காசி அதிகாரிக்கு ஆணை விடுத்தார். 1669-இல் அவர் ஆணையாலேயே விசுவநாதர் கோயில் இடிபட்டது. கொடையும் இடியும் ஒரே கையிலிருந்து வந்தன. ஒரு பக்கத்தை மட்டும் காட்டி மதப்பகை வளர்ப்போரும், மறுபக்கத்தை மட்டும் காட்டி வரலாற்றை மெழுகுவோரும் ஒருங்கே தவறிழைக்கின்றனர். தனி மனிதனின் விருப்பத்தைப் பொறுத்து நின்ற அரசில் எந்தச் சமயத்துக்கும் உறுதியான பாதுகாப்பில்லை என்பதே இதன் பாடம். உரிமை சட்டத்தில் நிற்க வேண்டுமேயன்றி அரசன் மனநிலையில் நிற்கலாகாது.

அடிகள் கேதார கட்டத்தில் குமாரசுவாமி மடத்தை நிறுவினார். கேதாரேசுவரர் கோயிலைப் புதுக்கி, தென்னாட்டு முறைப்படி பூசை அமைத்தார். காசிக் கலம்பகம் பாடினார். பெற்ற பொருளைத் தருமபுரத்துக்குக் கொண்டுவந்து குருவின் திருவடியில் வைத்தார். குரு அதனை ஏற்காது, காசியிலேயே அறத்துக்குச் செலவிடுமாறு பணித்தார். மீண்டும் அந்நெடுவழி நடந்து காசி சென்று, அங்கேயே ஒரு வைகாசித் தேய்பிறைத் திருதியையில் பரிபூரணமெய்தினார். அவர் வழியில் ஆறாம் பட்டத்துத் தில்லைநாயக சுவாமிகள் 1720-இல் காவிரிக்கரையில் திருப்பனந்தாளில் காசி மடத்தை நிறுவினார். ஔரங்கசீப்பின் பேரரசு சிதறியது, நாயக்கர் அரசு 1736-ஐ ஒட்டி அழிந்தது, ஒல்லாந்தர் போயினர், கும்பினி வந்து போயிற்று. கேதார கட்டத்து மடம் இன்றும் நிற்கின்றது. உ. வே. சாமிநாதையர் அடிகளின் பிரபந்தத் திரட்டை 1939-இல் பதிப்பித்ததற்கும் அம்மரபின் ஆதரவே துணை.

புகழ்ந்ததோடு நிறுத்தினால் நாம் கடமையில் தவறியவராவோம். அரசு காவாத காலத்தில் கோயிலைக் காத்த ஸ்தாபனங்கள் பின்னாளில் கோயில் வாயிலை மக்களில் ஒரு பகுதியாருக்கு அடைத்தே வைத்திருந்தன. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நாடார்கள் நுழைய உரிமையில்லை என்று 1908-இல் லண்டன் பிரிவி கௌன்சில் தீர்ப்பளித்தது. ஏரல் வட்டாரத்தார் அத்தீர்ப்பின் சுடுசொல்லை மறந்திரார். அடிகள் பிள்ளைத்தமிழ் பாடிய மதுரை மீனாட்சி கோயிலுள் அரிசனங்களும் நாடார்களும் முதன்முதலாக நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் தேதி. பாடல் அரங்கேறி ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு சென்றன. கடற்கரையில் பரதவர் பிரிந்ததும், பின்னர் பனைநாட்டில் பல்லாயிரவர் பிரிந்ததும் ஏன் என்று வினவுவோர் விடையை வெளிநாட்டுப் பாதிரியாரிடம் தேடவேண்டுவதில்லை. தம் ஊர்க் கோயில் வாயிற்படியில் தேடலாம்.

ஆகவே அடிகளைப் போற்றுவோர் செய்யத்தக்கது அவர் பெயருக்கு விழாவெடுப்பது மட்டுமன்று. அவர் மூன்று காரியங்களைச் செய்து காட்டினார். தம் மொழியில் முழுப்புலமை எய்தியபின் பிறர் மொழியையும் கற்றார். அதனால் தம் மொழியை இழந்தாரில்லை. அரசனை நாடினார், அரசனையே நம்பி இருந்தாரில்லை. வந்த பொருளைத் தமக்கென வையாது, தமக்குப்பின்னும் நடக்கும் அறமாக ஆக்கினார். கூட்டங்களில் முழங்கிவிட்டுக் கலைந்துபோகும் நம்மவருக்கு இம்மூன்றில் கடைசியானதே கடினமானது. சொற்பொழிவு அன்றிரவே ஓய்கின்றது. ஊரில் ஒரு பள்ளி, ஒரு நூல்நிலையம், கணக்கு ஒழுங்காக எழுதப்படும் ஒரு தருமம், எல்லாச் சாதியாரும் சமமாகப் புகும் வாயிலுடன் அமையுமாயின், அது நிலைக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் அடிகள் பெயரால் பள்ளியும் கல்லூரியும் இருக்கின்றன. ஐந்து வயது வரை பேசாதிருந்த ஒரு பிள்ளையின் பெயரால், தலைமுறை தலைமுறையாகப் பேசவிடாது வைக்கப்பட்டிருந்தோரின் மக்களும் அங்கே கற்பது நமக்கு மகிழ்ச்சி தருகின்றது. அவ்வழியே மேலும் செல்ல வேண்டுமென்பது நமது வேண்டுகோள்.